பல வருடம் ஓடிய சூப்பர்ஹீரோ காமிக்ஸை ஏன் மறுபடி 1-இலிருந்து தொடங்குகிறார்கள்? ரசிகர்கள் சொல்வதைக் கேட்பார்களா?

புது வாசகரைப் பிடிக்கத்தான். 900-ஆவது இதழைக் கையில் எடுப்பவர் முன்கதை தெரியாதே என்று வைத்துவிடுவார். 1 என்றால் தைரியமாக வாங்குவார். 2011 செப்டம்பரில் டிசி என்ற அமெரிக்க காமிக்ஸ் நிறுவனம் இப்படி 52 தொடர்களை ஒரே மாதத்தில் தொடங்கியது. 1938-இல் பிறந்த, சூப்பர்மேன் வரும் ஆக்‌ஷன் காமிக்ஸ் 904-இல் நின்று 1-க்குத் திரும்பியது. சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி காணாமல் போனது (அதைப் போய் இத்தனை பேர் தேடுவார்கள் என்று யார் நினைத்தார்கள்!). 1996-இல் காதலி லோயிஸுடன் நடந்த கல்யாணமும் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. பழைய வாசகர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு.

சரி, கேட்டார்களா? கேட்டார்கள், ஐந்து வருடம் கழித்து. 2016-இல் 'ரீபர்த்' என்ற அடுத்த புதுத் தொடக்கம் வந்தபோது, ஆக்‌ஷன் காமிக்ஸின் இடைப்பட்ட 52 இதழ்களையும் பழைய கணக்கில் சேர்த்து அடுத்த இதழை 957 என்று அச்சிட்டார்கள். லோயிஸும் கிளார்க்கும் (அதாவது சூப்பர்மேனும்) தம்பதியாக, மகனோடு வந்தார்கள். 2018-இல் 1000-ஆவது இதழில் ஜட்டியும் திரும்பிவிட்டது.