வீட்டு முள்ளெலியைத் தோட்டத்தில் விடலாமா?

கேள்வி: காய்கறித் தோட்டமும் பதினைந்து ஆடுகளும் வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு இரவில் காட்டு முள்ளெலி ஒன்று வந்து போகிறது. வீட்டிலும் மகள் சிறிய முள்ளெலி ஒன்றைக் கூண்டில் வளர்க்கிறாள். குளிர் தொடங்கியதிலிருந்து அது இரவிலும் எழுவதில்லை, தீனி எடுப்பதில்லை. வயிற்றைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. குளிர்கால உறக்கம்தான், எழுப்ப வேண்டாம் என்கிறார்கள். தோட்டத்தில் நத்தைத் தொல்லை இருப்பதால், குளிர் போனதும் இதையும் அங்கே விட்டுவிடலாமா? ஆடுகளுக்கு இதனால் நோய் வருமா?

பதில்: முதலில் அதை எழுப்புங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வயிறு சில்லென்று கிடக்கும் வளர்ப்பு முள்ளெலி உறங்கவில்லை. உடல் சூடு இறங்கி விறைத்துப் போயிருக்கிறது. இப்படியே விட்டால் செத்துப்போகும். மெல்லிய துணியில் சுற்றி, உங்கள் சட்டைக்குள் உடம்போடு சேர்த்து வையுங்கள். அல்லது கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு மெதுவாக ஏற வேண்டும். வெந்நீரில் முக்குவது, அடுப்பருகே வைப்பது, முடி உலர்த்தும் கருவியைப் பிடிப்பது எல்லாம் கூடாது. உடம்பு சூடாகும் முன் வாயில் தண்ணீரோ தீனியோ ஊற்றினால் விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு சூடாகி நடக்கத் தொடங்கும். முதலில் கொஞ்சம் தள்ளாடும். அதற்குப் பிறகே தண்ணீர், அப்புறம் தீனி. இரண்டு மணி நேரமாகியும் அசைவு இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஒருமுறை விறைத்தது மறுமுறையும் எளிதில் விறைக்கும் என்பதால் அடுத்த சில நாட்கள் கண் வைத்திருங்கள்.

காட்டில் இருப்பது குளிரில் தூங்குகிறதே, இது ஏன் சாகிறது என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே பிராணி அல்ல. செல்லப்பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குறு முள்ளெலி. செனகலில் இருந்து சோமாலியா வரை வெப்பமான புல்வெளிகளில் வாழும் இனம், எடை 300 முதல் 600 கிராம். குளிர்காலம் முழுக்க உறங்கும் ஐரோப்பியக் காட்டு முள்ளெலி ஒரு கிலோவைத் தொடும். அது இலையுதிர் காலத்திலேயே கொழுப்பைச் சேர்த்து, இலைகளால் தடித்த கூடு கட்டிவிட்டு, இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 190-இலிருந்து 20 அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். குறு முள்ளெலிக்கு அந்த முன்தயாரிப்பு கிடையாது. தாங்காமல் சுருண்டு விடுகிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் உங்கள் மகள் வளர்ப்பதன் பின்பாதத்தை எண்ணிப் பாருங்கள். குறு முள்ளெலிக்குப் பின்பாதத்தில் நான்கே விரல், ஐரோப்பியதற்கு ஐந்து.

கூண்டின் வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் விறைப்பு வரலாம். 32-ஐத் தாண்டினால் கால்களைப் பரப்பித் தரையோடு படுத்துவிடும், அதுவும் ஆபத்து. ஒளி தராத பீங்கான் சூடேற்றியும் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் போதும். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் முள்ளெலி படுக்கும் உயரத்தில் வையுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: அறை கதகதப்பாகத் தோன்றும், கூண்டின் தரை குளிர்ந்து கிடக்கும். குளிர்காலத்தில் பகல் குறைவதால், விளக்குப் போட்டாவது 12 முதல் 14 மணி நேர வெளிச்சம் கொடுங்கள்.

தீனியிலும் இரண்டும் வேறு. காட்டில் இருப்பது ஓர் இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அலைந்து வண்டு, கம்பளிப்புழு, மண்புழு என்று தானே தேடித் தின்னும். கூண்டில் இருப்பது அப்படி அலையாததால் எளிதில் கொழுத்துவிடும்; முழுதாகச் சுருள முடியாத அளவுக்குக் கொழுப்பதும் உண்டு. புரதம் 30 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 15 சதவீதத்துக்குள் இருக்கும் பூனை உலர்தீனி ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். மாவுப்புழுவை மட்டுமே கொடுத்து வளர்க்காதீர்கள். அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு; எலும்பு பலவீனமாகும். ஓடும் சக்கரம் 28 முதல் 30 சென்டிமீட்டர் விட்டத்தில், கம்பியில்லாத முழுத்தளமாக இருக்கட்டும். கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி முறியும். பால் இரண்டுக்குமே ஆகாது, கழிச்சல் கண்டுவிடும்.

தோட்டத்தில் விடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு குளிர் இரவு போதும், அது பிழைக்காது. நத்தையைத் தின்றால் நுரையீரல் புழு வேறு தொற்றும். அயல் இனத்தை வெளியே விடுவதும், காட்டு முள்ளெலியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

நத்தையைப் பொறுத்தவரை, வரும் காட்டு முள்ளெலியும் அதை முழுதாக ஒழித்துவிடாது. அதன் முக்கியத் தீனி வண்டும் புழுவும்தான். ஆனாலும் அது வருவது நல்லது. நத்தையை ஒழிக்க மெட்டால்டிஹைடு நத்தைமருந்தைத் தூவாதீர்கள். ஈரப் பலகையைத் தரையில் போட்டு வைத்து, காலையில் அடியில் ஒதுங்கிய நத்தைகளைப் பொறுக்குங்கள். வேலியடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் வழி விடுங்கள். பயிர்வலையின் அடிவிளிம்பு தரையில் தொய்ந்து கிடந்தால் முள் சிக்கி மாட்டிக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டுங்கள். இலைக்குவியலைக் கொளுத்தும் முன் கிளறிப் பாருங்கள். தொட்டியில் விழுந்தால் ஏறிவர ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

ஆடுகளைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. முள்ளெலிக்குக் கோமாரி நோய் தொற்றும். ஆப்பிரிக்காவிலிருந்து முள்ளெலி கொண்டுவருவதை அமெரிக்கா 1991-இல் தடை செய்தது இந்த அச்சத்தால்தான். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் ஆடுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் கொட்டகைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் கோமாரி பரவினால் முள்ளெலி வெளியே வரவே கூடாது. மனிதருக்குத்தான் கவனம் அதிகம் தேவை: படர்தாமரையும், கழிச்சல் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியும் அதனிடமிருந்து ஒட்டும். மகள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உடம்பு சூடாகி, தீனியும் எடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்தும் பின்கால் தள்ளாடினால் அது குளிரால் வந்தது அல்ல. வளர்ப்பு முள்ளெலிகளுக்கு நரம்பு உறை சிதையும் தள்ளாட்ட நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தொடங்கும், மருந்து கிடையாது. காதுக்கோளாறு, முதுகுத்தண்டு அடி போன்றவையும் அதேபோல் தெரியும். அவற்றில் சிலவற்றைக் குணப்படுத்தலாம் என்பதால், தள்ளாட்ட நோய்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.