ஊரைச் சிரிக்க வைத்துக் கடனை அடைத்தவர்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் டாம் சாயர் கதையை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே படிக்கிறான். அதை எழுதிய மார்க் ட்வைன் கடனில் தவித்தவர் என்று அவன் வாத்தியார் சொன்னாராம். நிஜமா ஐயா? நம்ம மெட்ராசுக்கும் வந்தாராமே?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இரண்டும் நிஜம்தான் அம்மா. மண்ணடியில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் நான். அதனால் அவர் கடன்பட்ட கதை எனக்குக் கூடுதலாகவே வலிக்கும்.

இயற்பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 11 வயதில் அப்பா இறந்துவிட, பையன் அச்சகத்தில் சேர்ந்து கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துக் கோப்பவன், ஆனான். அப்புறம் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்டக் கற்கப் போனார். தம்பி ஹென்றிக்கும் படகில் வேலை வாங்கிக் கொடுத்தார். 1858ல் கொதிகலன் வெடித்துத் தம்பி இறந்துபோனான். அந்தப் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு வாழ்ந்தார் மனிதர்.

எழுதிச் சம்பாதித்த பணத்தை எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் கொட்டினார். பெய்ஜ் என்பவர் உருவாக்கியது. சுமார் 18,000 உறுப்புகள். ஓடினால் கம்பாசிட்டரின் கையை மிஞ்சும், ஆனால் அடிக்கடி நின்றுவிடும். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்கி, அச்சானதும் மறுபடி பிரித்துக் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் போட்டு, நாள் முழுக்கக் கால்கடுக்க நின்று செய்கிற வேலை எங்களுடையது. அதைச் செய்தவனுக்குத்தான் அப்படி ஓர் இயந்திரத்தின்மேல் ஆசை வரும். அவரைப் பேராசைக்காரர் என்று எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. போட்டிக்கு வந்த லைனோடைப் என்கிற எழுத்துக் கோக்கும் இயந்திரம் முந்திக்கொண்டது. சுமார் 3 லட்சம் டாலர் போயிற்று. 1894ல் அவருடைய பதிப்பகமும் திவால்.

முழுக் கடனையும் அடைக்கச் சட்டப்படி கட்டாயமில்லை. அடைத்தே தீருவேன் என்று, 1895ல், 59 வயதில், காலில் ராஜபிளவைக் கட்டியோடு, மனைவி ஒலிவியாவையும் மகள் கிளாராவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காசுக்கு மேடையேறிப் பேசக் கிளம்பினார். 1896 ஜனவரியில் பம்பாய். அங்கே இருமல் படுக்கையில் தள்ளியது. எழுந்து வந்து மேடையேறினார். மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறி, இலங்கை போகும் வழியில் மெட்ராசில் ஒரு நாள் தங்கல். உங்கள் வீட்டுப் பக்கத்துத் துறைமுகம்தான் அம்மா! ‘ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்’ என்ற தன் பயண நூலில் நம்மூருக்கு ஒரே வரிதான் ஒதுக்கினார் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பயணம் முடித்து இங்கிலாந்தில் இருந்தபோது அமெரிக்காவில் இருந்த மூத்த மகள் சூசிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. மனைவியும் கிளாராவும் கப்பலேறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 18 அன்று, மூளைக்காய்ச்சலில் சூசி இறந்துவிட்டாள். வயது 24. தந்தி இங்கிலாந்தில் தனியாக இருந்த ட்வைன் கைக்கு மட்டும் வந்தது. அந்த நிலையிலும் உட்கார்ந்து பயண நூலை எழுதி முடித்தார். 1898க்குள் கடன் முழுக்கத் தீர்ந்தது.

இந்தியாவைப் பற்றி அந்த நூலில் நிறைய அத்தியாயங்கள் உண்டு. மகன் பத்தாவது தாண்டியதும் வாங்கிக் கொடுங்கள்.