கோரை: வாசகர் கேள்விகள்

பின்கட்டில் துணி துவைக்கும் இடம் எப்போதும் ஈரம், வெயிலே விழாது. கோரை வைக்கலாமா? (பெரம்பூர்)

நம்மூர்க் கோரைகளில் பெரும்பாலானவை வெயில் கேட்பவை. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்று தருவது நிழலையும் தாங்கும். அது பனை இல்லை, கோரைதான். பூர்வீகம் ஆப்பிரிக்கப் பக்கம். குடைபோன்ற தலையை நறுக்கித் தலைகீழாகத் தண்ணீரில் போட்டாலே வேர்விடும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். நாட்டுச்செடிதான் வேண்டுமென்றால் வல்லாரை வையுங்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் நேராக விழக்கூடாது.

இது என்ன புல்? (படத்துடன், மணலி)

மேலிருந்து எடுத்த மங்கலான படம், கூட ஒரு வரிகூட இல்லை. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் அநேகமாகக் கோரை. உருண்டையாக, கணுவோடு இருந்தால் புல். வெயிலா நிழலா, தண்ணீர் நிற்குமா என்று எழுதாமல் படம் அனுப்பாதீர்கள்.

ஏரிக்கரை முழுக்கக் கோரை மண்டி, ஒரே கொசு. ஜேசிபி வைத்து வழித்துவிடலாம் என்கிறார்கள். சரிதானே? (ரெட்டேரி)

சரியில்லை. எந்த ஏரியானாலும் இதே பாட்டு! முதலில், ஆள் உயரத்துக்கு நின்று பழுப்புக் கதிர் விட்டால் அது கோரையே இல்லை, சம்பு. கழிவுநீர் கலக்கும் இடத்தில் அது கொழுத்து வளரும். சாக்கடையை விட்டுவிட்டுச் செடியைப் பிடுங்கினால் மறுபடி வராமல் என்ன செய்யும்? ஜேசிபி கிழங்கைத் துண்டாக்கிச் சேறெல்லாம் பரப்பும், கரை மண்ணையும் இளக்கிவிடும். அடுத்த ஐப்பசி மழையில் கரை சரியும். நீலத்தாழைக்கோழி கூடு கட்டுவதும் அந்தப் புதரில்தான். வழி அடைத்த இடத்தில் மட்டும், கூடு இல்லையென்று பார்த்துவிட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே தண்டை அறுங்கள். தண்ணீர் மூடியே இருந்தால் காற்றில்லாமல் கிழங்கு அழுகும். மிச்சத்தைத் தொடாதீர்கள். கொசுவா? டெங்கு கொசு முட்டையிடுவது உங்கள் மொட்டைமாடித் தொட்டியிலும் பழைய டயரிலும்தான். அங்கே முதலில் பாருங்கள்.

தோட்டத்தில் கோரைக்கிழங்கு. பிடுங்கப் பிடுங்க வருகிறது. (கொளத்தூர்)

மேலே பிடுங்குகிறீர்கள், கிழங்கு அரை அடி கீழே சங்கிலியாக இருக்கிறது. கொத்தினால் சங்கிலி அறுந்து ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். அதற்கு நிழல் ஆகாது. பூசணிக் கொடியைப் படரவிட்டு வெயிலை மறையுங்கள். இங்கேயும் அதே கேள்விதான், வெயிலா நிழலா? நீங்களும் எழுதவில்லை.

கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்தில் கோரைக்கிழங்கு நிறைய இருக்கிறது, மருந்துக்கு எடுக்கலாமா? (வியாசர்பாடி)

கூடாது, அது கழிவுநீர் ஓடும் கால்வாய். நாட்டுமருந்துக் கடையில் வாங்குங்கள்.