கூரைமேல் பாரம், பின்னால் டிரெய்லர்: கேள்வி பதில்

கோடை விடுமுறையும் கோவில் திருவிழாக்களும் சேர்ந்து வரும் மாதங்களில் காரின் கூரைமேல் சாமான் கட்டுவது, டிரெய்லர் இழுப்பது ஆகியவை பற்றி பிரிட்டனில் வாழும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். டிரெய்லரை மாட்டுவதற்கான டோ பார் என்ற இழுவைக் கம்பியைக் காரின் பின்னால் பொருத்துவதும், புதிதாக டிரெய்லர் இழுக்கத் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். சட்டம் பற்றி நான் சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு உரியது. வட அயர்லாந்துக்கோ ஐரோப்பிய நாடுகளுக்கோ போகிறவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்: ஐந்து பேராக ஸ்காட்லாந்து போகிறோம். காரின் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ என்று இருக்கிறது. புதிதாக வாங்கிய ரூஃப் பாக்ஸின் மூடியிலும் 75 கிலோ என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் 75 கிலோ சாமானை அதற்குள் வைக்கலாம் அல்லவா?

வைக்கக் கூடாது. கையேட்டில் உள்ள 75 கிலோ என்பது கூரையின் மேல் வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன எடை. குறுக்குக் கம்பிகள் இரண்டும் 6 கிலோ, பாக்ஸ் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் சாமானுக்கு மிஞ்சுவது 51 கிலோதான். ஊருக்குப் போகும்போது விமானத்தில் போடுகிற 23 கிலோ பெட்டிகளில் இரண்டு ஏற்றலாம். மூன்றாவதற்கு இடம் இருந்தாலும் எடைக்கு இடமில்லை. பாக்ஸ், கம்பி, கார் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். அவற்றில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலானவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு சிறு தகடு அல்லது ஒட்டி இருக்கும். அதில் முதல் எண் காரின் அதிகபட்ச மொத்த எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை, அடுத்த இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. ஓட்டுநரைச் சேர்க்காத வெறும் எடை 1,400 கிலோவும் அதிகபட்ச மொத்த எடை 1,900 கிலோவும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 500 கிலோ. பெரியவர்கள் ஐந்து பேர் 375 கிலோ, கூரையில் 75 கிலோ, ஆக 450 கிலோ ஆகிவிட்டது. டிக்கியில் 50 கிலோதான் வைக்கலாம். கூரைச் சுமை வரம்புக்குள் இருந்தும் கார் எடை மீறிப் போவது இப்படித்தான். கனமான சாமான்களைக் காருக்குள் தாழ்வாகவும், படுக்கை விரிப்பு, கம்பளிச் சட்டை போன்ற இலேசானவற்றைக் கூரையிலும் வையுங்கள். மேலே பாரம் ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. வளைவிலும் திடீரென ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த வேறுபாடு தெரியும்.

குரோய்டனிலிருந்து ஒரு தம்பி: பழைய மெத்தை ஒன்றை நாலு மைல் தொலைவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ரூஃப் ரேக் இல்லை. ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து கையால் பிடித்துக்கொண்டால் போதாதா, அண்ணா?

போதாது, தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மெத்தையின் எடை பெரிதல்ல. அதன் பரப்புதான் ஆபத்து. முன்விளிம்பு ஒரு சாண் தூக்கிக்கொண்டதும் அடியில் காற்று புகுந்துவிடும், அந்தக் காற்று தூக்கும் விசை மெத்தையின் எடையைவிடப் பல மடங்கு ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். அதைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரை நினைத்துப் பாருங்கள். மெத்தையை வேனில் ஏற்றிப் போவதே முறை.

ரேக் உள்ளவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடுமையாகப் பிரேக் போட்டால் சுமையை முன்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய அந்தச் சுமையின் முழு எடைக்குச் சமமாக இருக்கும். ஆகவே கீழ்நோக்கி அமுக்கிக் கட்டினால் மட்டும் போதாது. முன்னால் நகராதபடியும் கட்ட வேண்டும். ரப்பர் கொக்கிக் கயிறு நீளக்கூடியது, அது தார்ப்பாயை ஒதுக்கிப் பிடிக்க மட்டுமே உதவும். நெய்த பட்டைகளைப் பயன்படுத்துங்கள். பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கட்டினால் ஓடும்போது காற்றில் படபடவென அதிர்ந்து தளராது. கிளம்பிச் சில மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாமான் குலுங்கி அமர்ந்த பிறகு நன்றாகக் கட்டிய பட்டையிலும் தொய்வு வரும்.

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்: நீளமான மரச்சட்டங்கள் காருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கலாமா?

பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் முனையில் பளிச்சென்ற துணி கட்டிப் பிறருக்குத் தெரியச் செய்ய வேண்டும். இரண்டு மீட்டரைத் தாண்டினால் அதற்கென உள்ள கோடு போட்ட பலகை வேண்டும்; அந்த நிலைக்குப் போகாமல் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். நீளமான சட்டங்களைக் குறுக்குக் கம்பிகளில் மட்டும் கட்டாமல், முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் அடியிலுள்ள இழுவை வளையங்களோடும் சேர்த்துக் கட்டுங்கள்.

வெம்ப்லியிலிருந்து ஒரு வாசகர்: 2005இல் லைசென்ஸ் எடுத்தேன். டிரெய்லருக்குத் தனித் தேர்வு எழுத வேண்டுமா?

வேண்டாம். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார்த் தேர்வில் தேறியவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமலே இழுக்கலாம். ஆனால் லைசென்ஸ் அனுமதிக்கும் எடையை உங்கள் காரும் தாங்கும் என்று பொருளில்லை. தகட்டில் இரண்டாவது எண் இல்லாமலோ பூச்சியமாகவோ இருந்தால் அந்தக் கார் இழுவைக்கு உரியதல்ல. தேர்வு போய்விட்டது என்பதற்காகப் பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம். ஒரு நாளாவது பயிற்றுநரோடு ஓட்டிப் பழகுங்கள்.

ஈலிங்கிலிருந்து ஒரு வாசகர்: தேர்த் திருவிழா அன்னதானத்துக்கு அண்டாக்கள், அடுப்பு, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லரில் கொண்டுபோக நினைக்கிறோம். இழுப்பது சிறிய கார். எவ்வளவு ஏற்றலாம், ஐயா?

நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவையும் தாண்டக் கூடாது, இழுக்கும் காரின் வெறும் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. உங்கள் கார் 1,100 கிலோ என்றால் வரம்பு 550 கிலோ. உற்பத்தியாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த எண்தான் வரம்பு. டிரெய்லரே 150 கிலோ இருக்குமானால் சாமானுக்கு மிஞ்சுவது 400 கிலோ. 20 கிலோ அரிசி மூட்டை பத்து வைத்தாலே அதில் பாதி போய்விடும். ஐயம் இருந்தால் பொது எடைமேடையில் நிறுத்தி நிறுத்துப் பாருங்கள்.

அடுக்கும் முறை எடைக்குச் சமமாக முக்கியம். கனமான மூட்டைகளை அச்சுக்கு நேர்மேலே, அடித்தளத்தில், இடமும் வலமும் சமமாக வையுங்கள். வெறும் அண்டாக்கள் அவற்றைச் சுற்றி வரலாம். டோ பாரின் முனையிலுள்ள உருண்டையான டோ பால் மீது டிரெய்லரின் மூக்கு, அதாவது காரோடு பூட்டும் முன்முனை, அமுக்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருப்பது நல்லது. ஆனால் காருக்கும் டோ பாருக்கும் குறித்த வரம்பை அது மீறக் கூடாது. குளியலறை எடைக்கருவியைச் சமதரையில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை டோ பாலின் உயரத்தில் அந்தக் கட்டைமேல் இறக்கினால் எடை தெரிந்துவிடும். அந்த மூக்கு எடையையும் காரின் சுமையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிலிண்டரின் வால்வை மூடி, நிமிர்த்தி வைத்து, தனியே பட்டை போட்டுக் கட்டுங்கள். மூடிய காருக்குள் வைப்பதைவிடத் திறந்த டிரெய்லரில் கொண்டுபோவது நல்லது.

மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு சகோதரி: பிரேக் உள்ள டிரெய்லரை முதன்முறையாக நானே பூட்டப் போகிறேன். சரியாகப் பூட்டியிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

டிரெய்லரின் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, டிரெய்லரின் மூக்கருகே உள்ள சிறு முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை டோ பால் மீது இறக்குங்கள். பூட்டு ‘டக்’கென்று விழும், பல பூட்டுகளில் பச்சை நிறக் குறியும் தெரியும். அதோடு நிறுத்தாமல், அதே கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றி மூக்கை உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. மூக்கு மட்டும் தனியே எழுந்தால் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களைத் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன், அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பிறகு அறுபடு கம்பியை டோ பாரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்டுங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் அந்தக் கம்பி இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைப் போட்ட பிறகுதான் அறும். தரையில் உரசும் அளவுக்குத் தொங்கவும் கூடாது, வளைவில் இழுபடும் அளவுக்கு இறுகவும் கூடாது. மின் இணைப்பைச் செருகி, ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து எல்லா விளக்குகளையும் சரிபாருங்கள். முன்சக்கரத்தை முழுவதும் தூக்கி இறுக்கி, கடைசியாகக் கைப்பிரேக்கை எடுங்கள்.

பர்மிங்காமிலிருந்து ஒரு வாசகர்: எம்1 நெடுஞ்சாலையில் ஒரு லாரி முந்திச் சென்றபோது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் என் கரவன் (தங்கும் வண்டி) பாம்புபோல் ஆடத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

முற்றிலும் தவறு. ஆட்டத்துக்கு உணவு கொடுப்பது வேகம்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு எதிராக இடமும் வலமும் திருப்பி ஈடுகட்ட முயலாதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் தானாகவே அடங்கும்.

லாரியின் காற்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்திருக்கலாம், ஆனால் காரணம் பெரும்பாலும் உள்ளே அடுக்கியதில்தான் இருக்கும். பின்சுவரோரம் தண்ணீர்க் கலன்களும் சைக்கிள்களும் இருந்தால் மூக்கு இலேசாகிவிடும். பின்கோடியில் உள்ள பாரம் ஒருமுறை பக்கவாட்டில் அசைந்துவிட்டால் அதை நிறுத்துவது கடினம். மூக்கு எடையை அளந்து, டயர்க் காற்றைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் அச்சருகே மாற்றி அடுக்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கரவனின் ஏற்றிய எடை, காரின் வெறும் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. அது சட்டமன்று, ஆனால் நான் அதைக் கடுமையாகவே வலியுறுத்துவேன். இறக்கத்தில் வேகம் கூடும் முன்பே குறைத்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

ரெடிங்கிலிருந்து ஒரு வாசகர்: டிரெய்லரோடு எவ்வளவு வேகத்தில் போகலாம்?

மோட்டார்வேயிலும் இரட்டைப் பாதைச் சாலையிலும் மணிக்கு 60 மைல், ஒற்றைப் பாதைச் சாலையில் 50 மைல். அங்கே அதைவிடக் குறைந்த வரம்பு எழுதியிருந்தால் அதுவே செல்லும். மூன்றோ அதற்கு மேலோ பாதைகள் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடிப் பாதைக்குப் போகக் கூடாது. டிரெய்லர் காரைவிட அகலமானால் இழுவைக் கண்ணாடிகள் கட்டாயம்; இல்லையென்றால் 1,000 பவுண்டு வரை அபராதமும் மூன்று தண்டனைப் புள்ளிகளும் கிடைக்கலாம். டிரெய்லரின் பின்னால் காரின் அதே பதிவெண் இருக்க வேண்டும்.

ஸ்லவ்விலிருந்து ஒரு வாசகர்: என் மின்சாரக் காருக்கு நல்ல இழுவிசை இருக்கிறது. கரவன் இழுக்குமா?

விசை இருப்பதும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. பல மின்சாரக் கார்களுக்கு உற்பத்தியாளர் இழுவை அனுமதியே கொடுப்பதில்லை. சிலவற்றுக்கு டோ பாரில் சைக்கிள் தாங்கி மாட்டுவதற்கு மட்டுமே அனுமதி. அனுமதி இருந்தாலும், பெரிய கரவனை இழுக்கும்போது ஒருமுறை சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம்.

லூட்டனிலிருந்து ஒரு தாய்: பயணத்தில் குழந்தைகள் கரவனுக்குள் படுத்துத் தூங்கலாமா?

கூடாது. ஓடும் கரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது.

சவுத்தாலிலிருந்து ஒரு வாசகர்: டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்ட வரவே மாட்டேன் என்கிறது.

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். மெதுவாக, சிறிது சிறிதாக. டிரெய்லர் மடங்கத் தொடங்கினால் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். காலியான இடத்தில் ஒரு மாலைப்பொழுது பழகினால் கைக்கு வந்துவிடும். நீளம் குறைந்த டிரெய்லர்தான் சட்டென மடங்கும், ஆகவே முடிந்தால் நீளமானதில் பழகுங்கள்.

கவன்ட்ரியிலிருந்து ஒரு வாசகர்: பழைய டிரெய்லர் ஒன்று குளிர்காலம் முழுவதும் தோட்டத்தில் நின்றது. டயரின் பள்ளங்கள் நன்றாக ஆழமாகவே இருக்கின்றன. அப்படியே இழுக்கலாமா?

பள்ளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அந்தச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் இரண்டு டயர்களையும் மாற்றிவிடுங்கள். இந்த வகைச் சிறு டிரெய்லர்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை கிடையாது, அதனால் உங்களைத் தவிர வேறு யாரும் அவற்றைப் பார்க்கப் போவதில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, பேரிங்கில் கரகரவென்ற ஓசை வந்தால் அதையும் மாற்றுங்கள். மின்செருகியின் பித்தளைக் கம்பிகளில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்து விளக்குகளைப் பாருங்கள். சக்கர நட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கி, முதல் 30 மைல் போனதும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.