உடல் எடையை நிறையக் குறைத்த பிறகு வயிற்றில் தொங்கும் தோலை ஆபரேஷன் செய்து எடுத்துக்கொண்டவர்கள் யாராவது உண்டா? அது வெறும் அழகுக்காகத்தானா?

நான் எடுத்துக்கொண்டேன். 2022 சித்திரையில். "வெறும் அழகுக்காகத்தானா" என்று கேட்டிருப்பதைப் பார்த்ததும் கையில் இருந்த தையலைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர் நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவராக இருக்க வேண்டும். வீட்டில் யாரோ இதே வார்த்தையை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஊர் எங்களுடையது. இருபத்திரண்டு வருஷமாகத் தையல் வேலை. 2018-ல் 109 கிலோ இருந்தேன். சர்க்கரையில் மூன்று மாத சராசரி 9-ஐத் தாண்டியதும் பயந்துபோய்ச் சோற்றைக் குறைத்தேன், ஆற்றங்கரையில் நடந்தேன். நெல் விளைகிற ஊரில் ஒருத்தி மத்தியானம் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துபோனால் என்னென்ன பேச்சு வரும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் 64 கிலோவுக்கு வந்தேன்.

கொழுப்பு கரைந்தது. அதைப் போர்த்தியிருந்த தோல் அப்படியே நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே மடிந்து தொடை வரை தொங்கும். உட்கார்ந்தால் மடியில் வந்து கிடக்கும். தையல் மிஷினை மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அது தொடையில் உரசும். பங்குனி வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தங்கி முதலில் சிவக்கும், பிறகு வெந்ததுபோல ஆகும், பிறகு தோல் உரிந்து நீர் கசியும். உள்பாவாடை நாடாவை மடிப்புக்கு மேலே கட்டினால் கனம் கீழே இழுக்கும், மடிப்புக்குள் விட்டுக் கட்டினால் புண்ணில் அறுக்கும். பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று துண்டு. சாயங்காலம் அந்தத் துணியை எடுக்கும்போது ஒரு வாடை வரும். என் பெண் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பாடுபடுவாள், அது எனக்குத் தெரியும். அளவு கொடுக்க வருகிற பெண்களின் பக்கத்தில் போய் டேப் பிடிக்கவே கூசினேன். என் பிழைப்பே அதுதான்.

தோல் டாக்டர் பூஞ்சைத் தொற்று என்று க்ளோட்ரிமசோல் பவுடர் கொடுத்தார். ஆறும், பத்து நாளில் திரும்ப வரும். மடிப்பு இருக்கிறவரை வந்துகொண்டுதான் இருக்கும் என்று அவரே சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் பிடிவாதமாக நிற்கும்.

"எண்ணெய் தேய்த்தால் சுருங்கும், உடற்பயிற்சி செய்தால் சுருங்கும், சோம்பேறிகள்தான் கத்தியைத் தேடிப் போவார்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைக்கிறவளுக்கு எலாஸ்டிக்கைத் தெரியும். பல வருஷம் இழுபட்டே கிடந்த எலாஸ்டிக்கில் உள்ளே இழை அறுந்திருக்கும், என்ன செய்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. தோலுக்குள்ளும் கொலாஜன், எலாஸ்டின் என்று இழைகள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் விரிந்து கிடந்தால் அவையும் அப்படித்தான் ஆகும். உடற்பயிற்சி தசையை இறுக்கும், தோலை இறுக்காது. சின்ன வயதில் பத்து, பதினைந்து கிலோ குறைத்தவர்களுக்கு ஓரளவு சுருங்கும், அவர்கள் சொல்வது அவர்கள் விஷயத்தில் நிஜம். நான் மூன்று வருஷம் தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்தவள். என்னைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) லைப்போசக்‌ஷன் செய்து கொழுப்பை உறிஞ்சினால் போதும் என்று அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள். நல்லவேளையாகக் கையில் பணம் இல்லை. உறிஞ்சினால் கொழுப்புதான் போகும், தோல் இன்னும் தொளதொளத்துப் போகும் என்பதைப் பிறகு போய்ப் பார்த்த திருச்சி டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் போன இடத்தில் எனக்கு ஆலோசனை சொன்னவர் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று முதலில் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

திருச்சி டாக்டர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். தொங்குகிற தோலை மட்டும் வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. தோலை எடுப்பதோடு, விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, தொப்புளுக்கும் புதிதாக இடம் பண்ணுவது அப்டாமினோபிளாஸ்டி. டம்மி டக் என்று சொல்வது இதைத்தான். எனக்கு இரண்டு பிள்ளைப்பேற்றில் தசை நாலு விரல் அகலம் விலகியிருந்ததால் இரண்டாவதைச் செய்தார்கள்.

அதற்கு முன்னால் எடை குறைந்தது ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்றார். எனக்குப் பத்து மாதம் நின்றிருந்தது. இரைப்பையைச் சிறிதாக்குகிற பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்து குறைத்தவர்களை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். என் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. அதைச் சரிபண்ணாமல் தேதி தரமாட்டேன் என்றுவிட்டார். பட்டினி கிடந்து எடை குறைத்தவர்களுக்கு ரத்தமும் புரதமும் குறைந்திருக்கும், தையல் போட்டால் ஆறாது. இரண்டு மாதம் மாத்திரையும் முட்டையும் பயறுமாகச் சாப்பிட்ட பிறகுதான் சம்மதித்தார். ஆண்கள் யாராவது படித்தால், சிகரெட்டை நாலு வாரம் முன்பாவது நிறுத்தியாக வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் ஓரத்துத் தோல் கறுத்துச் செத்துவிடும்.

பணத்துக்கு வருகிறேன். எல்லாம் சேர்த்து 1,90,000 ரூபாய் ஆனது. காப்பீட்டுக் கம்பெனி "அழகு சிகிச்சை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. பாலிசியில் அந்த விலக்கு எழுதியிருக்கிற பத்தியை முழுவதும் படித்துப் பாருங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்கிற சீரமைப்புக்கு அந்த விலக்கு கிடையாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் சான்று கொடுத்தாலும் அந்த விலக்கு பொருந்தாது. நான் அதைப் படிக்காமலே விண்ணப்பித்தேன். தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டுகளையும் தூக்கி எறிந்திருந்தேன். நீங்கள் புண் வரும்போதெல்லாம் போட்டோ எடுத்து, தேதி போட்ட சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆதாரமாவது இருக்கும்.

பாதிப் பணத்துக்கு, கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்திருந்தேன். மீதிக்கு நம்பியிருந்தது சம்பா நெல்லை. எங்களுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். மாசியில் ஆபரேஷன் என்று நாள் வாங்கியிருந்தோம். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். காயவைத்தோம். சாக்கு வரவில்லை என்றார்கள். சாக்கு வந்த அன்றைக்கு மழையும் வந்தது. பதினெட்டு ராத்திரி என் வீட்டுக்காரர் நெல் குவியலுக்குப் பக்கத்தில் படுதாவை விரித்துப் படுத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு எடை போட்டுக்கொண்டு போனார்கள். 40 கிலோ மூட்டைக்கு விளைவித்தவனிடமே கை நீட்டுகிறார்கள், அதை எல்லாரும் வழக்கம் என்று பேசாமல் கொடுக்கிறார்கள். இவர் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். நின்றதற்குக் கூலி, முளைவிட்ட நெல். அந்த நெல்லை வீட்டு வாசலில் கொட்டி நானும் என் மாமியாரும் பொறுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாசியில் ஆகியிருக்க வேண்டிய ஆபரேஷன் சித்திரைக்குப் போனது இதனால்தான். அதனால் அக்னி நட்சத்திரம் முழுக்க வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட்டோடு கிடந்தேன். ஆறு வாரம், குளிக்கிற நேரம் தவிர, அதைக் கழற்றக் கூடாது. உங்களால் முடிந்தால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் மூன்றரை மணி நேரம். எடுத்தது 2.6 கிலோ. மறுநாள் காலையிலேயே எழுப்பி நடக்கவிட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து இருக்கிறது, அதற்கு ஊசியும் போட்டார்கள். பத்து நாள் நிமிர முடியாது, கூனிக்கொண்டுதான் நடந்தேன். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியிலிருந்து காரில் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அப்படித்தான் வந்தேன்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், முனையில் கை அளவு ரப்பர் பல்பு. உள்ளே ஊறுகிற நீர் அதில் வந்து சேரும். காலையும் மாலையும் என் பெண் அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதி வைப்பாள். அவசரத்துக்கு என் அளவு நோட்டைத்தான் எடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு என்று நான் எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் "இடது 70, வலது 55" என்று அவள் கையெழுத்து. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். ஒன்பதாம் நாள் இடது, பன்னிரண்டாம் நாள் வலது. எடுத்த பிறகும் நீர் கட்டி, அசைந்தால் உள்ளே தளும்பியது. இரண்டு தடவை ஊசி போட்டு உறிஞ்சினார்கள். இது பலருக்கு வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல், கால் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

நாள் குறித்தபோது என் மாமியார் கேட்டார்கள்: "பேரன் எடுக்கற வயசுல வயித்த அறுத்துக்கிட்டு யாருக்குக் காட்டப் போற?" நான், "புண்ணுக்காகத்தான் அத்தை" என்றேன். ஊருக்கும் அதையே சொன்னேன். தண்ணீர் குடம் தூக்காதே, குனியாதே என்று நாற்பது நாளும் சமைத்துப் போட்டவர்களும் அவர்கள்தான், அதனால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்னது பாதிதான் நிஜம். புண்ணுக்காகவும்தான், அழகுக்காகவும்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு எங்கே டக் பிடித்தால் இடுப்பு எடுப்பாகத் தெரியும் என்று பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மூன்று வருஷம் பாடுபட்டுக் குறைத்த உடம்பைக் கண்ணாடியில் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைத்துப் புண்ணை மட்டும் காட்டி அனுமதி வாங்கியதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. புண்ணே இல்லாதவர் செய்துகொண்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

தழும்பு இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருக்கிறது. முதல் வருஷம் கறுத்துத் தடித்திருந்தது, சிலிக்கான் பட்டை ஒட்டியதில் தணிந்தது. முழுக்க மறையாது. அதை நினைத்துத் தயங்குகிறவர்கள் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. தொப்புளுக்கும் தழும்புக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. தோலைத் தூக்கும்போது அங்கே வரும் நரம்புகள் அறுபடுகின்றன. பலருக்கு மாதக்கணக்கில் உணர்வு திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் இடம் அப்படியே நின்றுவிடும். அங்கே சூடு தெரியாது. ஆறாம் மாதம், தைத்த பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டியின் ஓரம் வயிற்றில் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. ராத்திரி குளிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். வலிக்கிறதே என்று அந்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் வைத்துவிடாதீர்கள்.