கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும். போன வாரம் ஹெச்.ஆர். கூப்பிட்டு, நானும் மனைவியும் பேசியதன் ஸ்கிரீன்ஷாட்டுகளை மேஜைமேல் வைத்தார். அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதில் இருந்தது. "லேப்டாப் கம்பெனியுடையது, சேரும்போது கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். எனக்கு எந்த உரிமையும் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நீங்கள். உங்கள் மனைவி எதிலும் போடவில்லை.

2007-இல் ருமேனியாவின் புகாரெஸ்டில் ஏறக்குறைய இதேதான் நடந்தது. பர்புலெஸ்கு என்ற பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கியவர். ஒரு வாரத்துக்கு மேல் அவருடைய உரையாடல்களைக் கண்காணித்துவிட்டு, சொந்தப் பேச்சு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். 45 பக்கம் அச்செடுத்து நீட்டினார்கள். சகோதரரோடும், மணக்கவிருந்த பெண்ணோடும் பேசிய அந்தரங்கமெல்லாம் அதில் இருந்தது. வேலை போனது.

உள்நாட்டு நீதிமன்றங்கள் அவரைக் கைவிட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016-இல் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 2017 செப்டம்பரில் அதன் பெரிய அமர்வு 11-6 என்ற கணக்கில் அதை மாற்றியது. சொந்த உபயோகம் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுதியதையே எடுத்துப் படிப்போம் என்று முன்கூட்டிச் சொன்னார்களா? அதை ருமேனிய நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது அமர்வு. முதலாளி என்ன உத்தரவு போட்டாலும், வேலையிடத்தில் ஒருவரின் தனிவாழ்வைப் பூஜ்யமாக்கிவிட முடியாது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. இங்கே அதே 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் விடுகிறது. இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் மனைவியின் ஸ்கேன் எந்த வேலைக்குத் தேவைப்பட்டது?

முதலில் போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்ட் டிவைசஸ் பக்கம் போய் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பின் குறியாக்கம் செய்தி போகும் வழியைத்தான் காக்கும். திரையையே படம் பிடிக்கும் மென்பொருள் இருந்தால் அதனால் பயனில்லை.

அப்புறம் ஹெச்.ஆருக்கு மெயில் எழுதுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட கொள்கையின் நகலைக் கேளுங்கள். திரையைப் படம் பிடிப்போம் என்று அதில் எங்கே இருக்கிறது, அந்தப் படங்களை யார் யார் பார்த்தார்கள், எப்போது அழிப்பார்கள் என்றும் கேளுங்கள். மனைவியின் மருத்துவ விவரத்தை உடனே அழிக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகப் பதில் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.