ஜெபித்தால் போதாதா? “செயலில் அன்பு” என்று கிறிஸ்தவர்கள் சொல்வது எதை?

போதாது என்பதே என் பதில். நான் இலங்கையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். “வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்” என்ற யோவானின் வசனத்தை ஞாயிறு பாடசாலையிலேயே மனனம் செய்திருந்தும், அதன் பொருள் எனக்கு விளங்கியது 2022ஆம் ஆண்டில்தான்.

அதற்கு முன் வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) வரும் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து, “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்கிறார் அவர். அவர் ஏசவில்லை, விரட்டவில்லை, வாழ்த்தியே அனுப்புகிறார். அந்த வாழ்த்தைத்தான் யாக்கோபு “பிரயோஜனமென்ன?” என்று கேட்கிறார்.

2022இல் நாட்டில் பெற்றோல் கிடைக்காத அந்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையில் தனியே வாழும் அக்கா ஒருவர், சலரோகத்தால் காலில் வந்த புண்ணுக்கு மருந்து கட்டப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஓட்டோக்காரர் கேட்கும் காசு கட்டுப்படியாகவில்லை என்று எங்கள் படலையில் நின்று சொன்னார். “ஜெபிக்கிறோம் அக்கா” என்றேன். “ஓம் தம்பி” என்று சொல்லிவிட்டு, துணி சுற்றிய காலை மெல்ல இழுத்தபடி போனார். அன்றிரவு உண்மையாகவே ஜெபித்தேன். ஆனால் என் மோட்டார் சயிக்கிளில் அரைத் தாங்கி பெற்றோல் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அவரைப் பஸ் வரும் சந்தி வரைக்கும் தன் சயிக்கிள் காரியரில் ஏற்றிச் சென்றவர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய எதிர்வீட்டு ஐயா. அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஆசாரியனும், ஆலயப் பணி செய்யும் லேவியனும் விலகிப்போக, யூதர் தங்களோடு சேர்க்காத சமாரியன்தான் காயங்களைக் கட்டி, அடிபட்டவனைத் “தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றி”க்கொண்டு போகிறான். எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட அந்தச் சொற்கள் அன்றைக்கு என் படலைக்கு வெளியே கண்முன் நடந்தன. உவமையில் நான் யாராக இருந்தேன் என்பதை எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை வெட்கத்தோடு அக்காவிடம் போய், வேறு என்ன தேவை என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது காசு. அவர் கேட்டதோ, கிணற்றடியில் கால் வழுக்குவதால் நாளுக்கு இரண்டு வாளி தண்ணீர்.

கேட்டறிந்து செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் ஊர் முன்னரே கண்டிருக்கிறது. 1847இல் அமெரிக்க மிஷனிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நிற்காமல், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே இருந்து சனங்களைப் பார்ப்பார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். 1873இல் அவர் நாடு திரும்புவதற்குள் அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். ஆண்டவருடைய அன்பைப் பேச வந்தவர், எங்கள் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் தேடி ஆண்டுக்கணக்காக உழைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் அதை விடவில்லை. ஐயாவும் நானும் நாள் பிரித்துக்கொண்டு அக்காவை அழைத்துச் சென்ற அந்த ஐந்து மாதமும், புண் ஆறும் வரை இரவில் அவருக்காக ஜெபித்தேன். அப்போது, அடுத்த முறை மருந்து கட்ட வேண்டியது எந்தக் கிழமை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.